மூட்டுவலி மாத்திரையும் ஒரு புற்றுநோய்ப் பயமும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தள்ளிப் போட்டேன். பேனாவை எடுப்பேன், "நீ என்ன டாக்டரா?" என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டு மூடி வைத்துவிடுவேன். பள்ளிப் படிப்போடு மருந்தாளுநர் பயிற்சி மட்டும் பெற்றவன் நான். போதாததற்கு இது என் உடம்பில் நடந்த கதையும் இல்லை. யாருடைய கதையோ, அந்த அம்மாவே போன நோன்புக்கு முன்னால் என் வீட்டுக்கு வந்து, "எழுதுங்கண்ணே, பேரை மட்டும் மாத்திடுங்க" என்றார்கள். அதற்குப் பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது. மாதாவிடம் ஒரு ஜெபமாலை சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் இப்போது நிற்கிற தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

மயிலாடுதுறையிலிருந்து கடற்கரைப் பக்கம் போகிற சாலையில், சுற்றிலும் வயலாக இருந்த ஓரிடத்தில், கன்னியர் நடத்திய சின்ன ஆஸ்பத்திரி எங்களுடையது. நான் சொல்லுவது வளைகுடாப் பணம் ஊருக்குள் வந்து, ஓட்டு வீடுகளெல்லாம் மாடி வீடுகளாகிக்கொண்டிருந்த காலம். பாதித் தெருக்களில் ஆண்கள் இல்லை. பெண்களிடம் ஆபரேஷன் என்று சொன்னால், "வெள்ளிக்கிழமை போன் வரும், கேட்டுச் சொல்றேன்" என்பார்கள். வெள்ளிக்கிழமைதான் வளைகுடாவில் விடுமுறை. எங்கள் ஆஸ்பத்திரியின் பெரிய முடிவுகள் பலவும் அந்த வெள்ளிக்கிழமைப் போனில்தான் எடுக்கப்பட்டன.

டாக்டரம்மா என்னைவிட மிகவும் இளையவர். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார், அதனால் டாக்டரம்மா என்றே எழுதுகிறேன். அவரிடம் எனக்குப் பிடித்ததும், ஊர்க்காரர்களுக்குப் பிடிக்காததும் ஒன்றுதான். தெரியாததைத் தெரியாது என்று நோயாளியின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார்.

ஜைனம்பு என்று நான் பெயர் வைத்திருக்கும் அம்மாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். கணவர் சாகுல் வளைகுடாவில் கிரேன் ஓட்டினார். வீட்டில் பணத்துக்குக் குறை இல்லை. ஆனாலும் கல்யாண வீடுகளுக்கு இடியாப்பம் பிழிந்து கொடுப்பதை ஜைனம்பு விடவில்லை. அந்தக் கைதான் அவருடைய பெருமை. அந்தக் கையில்தான் முடக்குவாதம் வந்தது. காலையில் எழுந்தால் விரல் மடங்காது, மணிக்கட்டு வீங்கிக்கிடக்கும். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பின் மூட்டுகளைத் தாக்குகிற நோய் அது.

வழக்கமான மருந்து ஒன்றைக் கொடுத்தார்கள், பாதிதான் கேட்டது. அதைவிட வலுவான மருந்துகளைக் கொடுக்க டாக்டரம்மா தயங்கினார். ஜைனம்புவுக்குச் சிறு வயதில் டி.பி. வந்து குணமான தழும்பு நுரையீரலில் இருந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மருந்து கொடுத்தால் தூங்குகிற டி.பி. எழுந்துவிடலாம். அதனால் ஓர் ஆன்டிபயாட்டிக் மாத்திரையை நீண்ட நாளுக்கு எழுதினார். கிருமியைக் கொல்வதற்காக அல்ல. மூட்டு வீக்கத்தைத் தணிக்கிற குணமும் அந்த மாத்திரைக்கு உண்டு என்பதால்.

சீட்டு என் ஜன்னலுக்கு வந்தபோது எனக்கே விசித்திரமாக இருந்தது. நாலைந்து நாள் கொடுக்கிற மாத்திரையை மாதக் கணக்கில் கொடுப்பதா? உள்ளே போய்க் கேட்டேன். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, "கேட்டது நல்லது. தெரிஞ்சுதான் எழுதியிருக்கேன், கொடுங்க" என்றார்.

மாத்திரை கேட்டது. மெதுவாகக் கேட்டது. அடுத்த நடவு முடிவதற்குள் ஜைனம்பு மறுபடியும் கல்யாண வீட்டு ஆர்டர் எடுத்தார். என் வீட்டுக்கும் ஒரு தூக்கு இடியாப்பம் வந்தது. "சோதனைக்குத்தாண்ணே. நூல் ஒண்ணுக்கொண்ணு ஒட்டியிருந்தா என் கை இன்னும் சரியாகலன்னு அர்த்தம்" என்றார். ஒட்டவில்லை.

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் போனது. அப்புறம் அவர் மாத்திரை வாங்க வருவது நின்றுவிட்டது.

வேறு மருந்துக் கடையில் வாங்குகிறாரோ என்று நினைத்தேன். சில மாதம் கழித்து ஒருநாள் அவரே வந்தார். கன்னம் உப்பி, முகம் பளபளவென்று இருந்தது. கையில் ஒரு சின்ன பாட்டில்.

"அண்ணே, இந்த மாத்திரை இங்க கிடைக்குமா? தீரப்போவுது."

"என்னம்மா இது? நம்ம மாத்திரை என்னாச்சு?"

"அதை நிறுத்தச் சொல்லிட்டாங்கண்ணே, வெள்ளிக்கிழமைப் போன்ல. அதைச் சாப்பிட்டா மார்புல புத்துநோய் வருமாம். எங்க வீட்டுக்காரங்க ரூமில இருக்கற ஒருத்தர் சொன்னாராம். அவரோட தம்பி அங்க மருந்துக் கடையில இருக்காராம். அவருதான் இதை எடுத்துக் கொடுத்தாராம். சாப்பிட்ட ரெண்டாம் நாளே வலி பறந்துடுச்சு. ஃபாரின் மாத்திரைன்னா ஃபாரின் மாத்திரைதாண்ணே."

ஊருக்கு வருகிற ஆளிடம் பால்பவுடர், சோப்பு, அத்தரோடு சேர்த்துப் பாட்டிலைக் கொடுத்தனுப்பியிருக்கிறார் சாகுல். வழியில் அத்தர் கசிந்து, பாட்டில் லேபிளில் ஆங்கிலம் இருந்த பக்கம் முழுவதும் அழிந்திருந்தது. மிச்சம் இருந்தது அரபு எழுத்து. மாத்திரையில் எந்த அடையாளமும் இல்லை. எனக்கு அதை வைத்து ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. "வாம்மா, டாக்டரம்மாகிட்ட காட்டிடுவோம்" என்று அழைத்துப்போனேன். "திட்டுவாங்களே" என்று பின்னாலேயே வந்தார்.

டாக்டரம்மா திட்டவில்லை. ஜைனம்புவின் கன்னத்தைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். "நீங்க ஓதுவீங்கல்ல? இதைப் படிங்க" என்று அவரிடமே நீட்டினார்.

"அர்த்தம் தெரியாது டாக்டர்."

"அர்த்தம் வேண்டாம். எழுத்தைச் சொல்லுங்க, போதும்."

"குர்ஆன்ல மேலயும் கீழயும் குறி போட்டிருக்கும். இதுல ஒண்ணும் இல்லியே" என்று முணுமுணுத்தபடி, எழுத்து எழுத்தாகக் கூட்டினார். "ப்ரே... ப்ரேத்... நீ... ஸோ... லோன்."

டாக்டரம்மா கண்ணை மூடித் திறந்தார். பிரெட்னிசோலோன் என்பது ஸ்டீராய்டு. டி.பி. தழும்பு உள்ள உடம்புக்கு எதைக் கொடுக்கக் கூடாது என்று அவர் இத்தனை நாள் ஒதுங்கி நின்றாரோ, அதே வகை மருந்து, யாருடைய கண்காணிப்பும் இல்லாமல், பால்பவுடரோடு வந்து இறங்கியிருந்தது.

தம்பிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எப்போதோ வரலாம், வராமலும் போகலாம் என்கிற ஒன்றுக்குப் பயந்து, பக்கத்திலேயே நிற்கிற ஆபத்தை எடுத்து வாயில் போட்டுக்கொள்வது மனித சுபாவம். நானும் அப்படித்தான், நீங்களும் அப்படித்தான். ஒரு மருந்தை நிறுத்தினேன் என்று ஒருவர் சொன்னால், அதற்குப் பதிலாக எதைச் சாப்பிடுகிறார் என்று கேட்க மறக்காதீர்கள்.

நெஞ்சுப் படம் எடுத்தார்கள். கர்த்தர் புண்ணியத்தில் டி.பி. எழவில்லை. அந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தவும் கூடாதாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டுமாம். குறையக் குறைய வலி திரும்பியது. பழைய மாத்திரையை மறுபடியும் தொடங்கலாமா என்று டாக்டரம்மா கேட்டதற்கு ஜைனம்பு சொன்ன பதில், "அவங்க லீவுல வர்றாங்க. வந்ததும் கேட்டுக்கலாம்."

சாகுல் வந்தார். பெருநாளுக்கு எடுத்த புதுச் சட்டையோடு நேராக என் ஜன்னலுக்குத்தான் வந்தார். பின்னால் ஜைனம்பு, முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்கதானேண்ணே மாத்திரை கொடுத்தது? உங்களையே கேக்கறேன். உங்க வீட்டுப் பொம்பளையா இருந்தா இதைக் கொடுப்பீங்களா?"

இந்தக் கேள்வி உங்கள் எல்லாருக்கும் வரும். கொடுப்பேன் என்றால் நம்ப மாட்டார்கள். மாட்டேன் என்றால் டாக்டரைக் காட்டிக்கொடுத்த மாதிரி. நான், "என் வீட்டுப் பொம்பளைக்கு இந்த நோய் இல்லை தம்பி. இருந்தா நானும் உங்க மாதிரி டாக்டர்கிட்ட போய்க் கேப்பேன். வாங்க போவோம்" என்றேன். அதற்குள் அவர் குரல் உயர்ந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சத்தம் கேட்டு டாக்டரம்மாவே வந்து, எங்கள் மருந்தறைக்குள் இருவரையும் கூப்பிட்டு, மருந்துப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார்.

"கேளுங்க சாகுல்."

"அந்த மாத்திரையால மார்புல புத்துநோய் வருமா, வராதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"ஒரே வார்த்தைன்னா தெரியாது."

சாகுல் என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "தெரியாமத்தான் ஒரு வருஷமாக் கொடுத்தீங்களா?"

"சந்தேகம் இருக்குன்னு தெரிஞ்சே கொடுத்தேன். ஆன்டிபயாட்டிக் நிறையச் சாப்பிட்டவங்களுக்குப் புற்றுநோய் கொஞ்சம் கூடுதலா வருதோங்கற சந்தேகம் இருக்கு. அது மாத்திரையாலயா, மாத்திரை சாப்பிட வெச்ச நோயாலயா, இல்ல வேற எதாலயாவதான்னு பிரிச்சுச் சொல்ல யாராலயும் முடியல. இந்த முடக்குவாதமே அடங்காம எரிஞ்சிட்டிருந்தா அதுவும் உடம்பைக் கெடுக்கும். மத்த மருந்துகளுக்கும் அததுக்குன்னு ஆபத்து உண்டு. ஆபத்தே இல்லாத வழி என்கிட்ட இல்லை. இருக்கறதுல எது இவங்களுக்குக் குறைச்சலோ அதை எடுத்தேன். இவங்ககிட்டயும் சொன்னேன்."

சாகுல் திரும்பினார். "சொன்னாங்களா?"

"சொன்னாங்க மச்சான்" என்றார் ஜைனம்பு. "போன்ல சொன்னா நீங்க அங்க தூங்க மாட்டீங்களேன்னு விட்டுட்டேன்."

"நல்லா இருக்கு. எனக்குத் தூக்கம் முக்கியம்னு யாரு சொன்னது? கிரேன் மேல உக்காந்து தூங்கவா போனேன்?"

"கிரேன்லதானே பயம். தூங்காம ஓட்டினா?"

டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "சாகுல், ஒண்ணு கேக்கறேன். யாரோ ஒருத்தர் சொன்னதுக்கு இவ்வளவு பயம் வராது. வயித்துல வரும், ரத்தத்துல வரும்னு சொல்லியிருந்தா இப்படிப் பதறியிருப்பீங்களா? மார்புங்கறதுல உங்களுக்கு என்ன?"

சாகுல் மனைவியைப் பார்த்தார். ஜைனம்பு அவர் கையைப் பிடித்தார். சொல்லாதே என்று பிடித்ததாகத்தான் எனக்குப் பட்டது. அவர் கையை விடுவித்துக்கொண்டார்.

"இவ லாத்தா அதுலதான் மவுத்தானாங்க."

லாத்தா என்பது அக்காள், மவுத்து என்பது மரணம். மஞ்சள் காமாலையில் இறந்துபோனதாக ஜைனம்பு சொல்லி, அப்படியே டாக்டரம்மா எழுதி வைத்திருந்தார். ஊரும் அப்படித்தான் நம்பியிருந்தது.

"என்கிட்ட ஏம்மா சொல்லல?" டாக்டரம்மாவின் குரலில் கோபம் இல்லை.

ஜைனம்பு தரையைப் பார்த்தபடி சொன்னார்: "லாத்தாவுக்குப் பெண்மக்கள் இருக்கு டாக்டர். குமருங்க இருக்கற வீடு. அந்த நோவுப் பேரு வெளிய போனா யாரு சம்பந்தம் பேச வருவா? கடைசி வரைக்கும் லாத்தாவே மறைச்சாங்க. முத்திப்போற வரைக்கும் ஆஸ்பத்திரிக்கே போவல. நான் எப்படி வாயத் திறப்பேன்?"

ஒரு வருடத்துக்கு மேலாக டாக்டரம்மா ஒரு தராசைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு தட்டில் மூட்டு, டி.பி. தழும்பு, மற்றொன்றில் மாத்திரை மேலுள்ள சந்தேகம். எல்லாவற்றையும்விடக் கனமான ஒன்று அந்தத் தராசிலேயே ஏறவில்லை. உடன்பிறந்தவளுக்கு மார்பில் அந்த நோய் வந்திருந்தால் தங்கைக்கும் ஆபத்து கூடுதல். மாத்திரை மேலுள்ள சந்தேகம் மாதிரி இல்லை, இது டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்.

"மாத்திரைப் பேச்சு அப்புறம்" என்று டாக்டரம்மா எழுந்தார். "இத்தனை மாசமா எல்லாரும் மாத்திரையைப் பத்தியே பேசியிருக்கோம். நான் உட்பட. யாரும் இவங்களைச் சோதிச்சுப் பார்க்கல. வாங்கம்மா உள்ள."

சிஸ்டர் ஒருவரோடு ஜைனம்புவை அழைத்துப்போனார்கள். சாகுல் என்னோடு இருந்தார். சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு, "நான் சத்தம் போட்டது தப்புத்தாண்ணே" என்றார்.

"போடாம இருந்திருந்தா லாத்தா விஷயம் வெளிய வந்திருக்காதே தம்பி."

"வெளிய வந்துடுச்சே. அதான் இப்பப் பயமா இருக்கு."

"இந்த ரூமை விட்டு வராது."

அவர் வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். நானும் சட்டைப் பையிலிருந்த ஜெபமாலையைத் தொட்டுக்கொண்டேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

டாக்டரம்மா வெளியே வந்து சொன்னது இதுதான்: "சின்னதா ஒரு கட்டி கைக்குத் தட்டுப்படுது. சாதாரணக் கட்டியாவும் இருக்கலாம். தஞ்சாவூர் போய்ச் சோதிச்சாத்தான் தெரியும். வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், நாளைக்கே போங்க."

சாதாரணக் கட்டி இல்லை. ஆனால் ஆரம்பம். ஆபரேஷன் ஆனது, அதற்கப்புறமும் சிகிச்சை நீண்டது. முடி கொட்டிய தலையோடு ஜைனம்பு ஒரு தடவை வந்தபோது, "முக்காடு போடறவளுக்கு இதுல ஒரு சௌகரியம்ண்ணே, யாருக்கும் தெரியாது" என்றார்.

சாகுல் திரும்பிப் போகவில்லை. விசாவை விட்டுவிட்டார். சிகிச்சை முடிந்த பிறகு ஒருநாள், என் முன்னாலேயே டாக்டரம்மாவிடம் கேட்டார். இந்தத் தடவை குரல் தாழ்ந்திருந்தது.

"அந்த மாத்திரையாலதான் வந்துச்சா டாக்டர்? இப்பவாவது சொல்லுங்க. நான் யார் மேலயும் சண்டைக்கு வரல."

"தெரியாது சாகுல். அதுனாலதான்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்லை. அது இல்லவே இல்லைன்னு சொல்லவும் ஆதாரம் இல்லை. லாத்தாவுக்கு இருந்ததாலே வந்திருக்க வாய்ப்பு அதிகம். அதுகூட வாய்ப்புதான்."

"அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்ங்கறீங்க."

"அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியல."

முதல் தடவை அந்தத் தெரியாது என்ற வார்த்தைக்குச் சிரித்த மனிதர், இந்தத் தடவை தலையை ஆட்டிக்கொண்டார். விசுவாசம் என்றால் நோயாளிக்கு, "ஒண்ணும் ஆகாது, கடவுள் பாத்துப்பார்" என்று தைரியம் சொல்வது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். கடவுளுக்கு மட்டும் தெரிந்ததைத் தனக்கும் தெரிந்த மாதிரி பேசாமல் இருப்பதும் விசுவாசம்தான் என்று அன்று எனக்குத் தோன்றியது.

வலி மட்டும் விட்டபாடில்லை. விரல்கள் மறுபடியும் மடங்க மறுத்தன. டாக்டரம்மா தஞ்சாவூர் டாக்டரையும் கலந்து பேசி, ஜைனம்புவின் முன்னால் இரண்டு வழிகளை வைத்தார். பழைய ஆன்டிபயாட்டிக், அல்லது முதன்முதலில் கொடுத்துப் பாதி கேட்ட அந்த மருந்து. எதுவானாலும் மார்புச் சோதனையை விடக் கூடாது. முடிவு ஜைனம்புவுடையது. வெள்ளிக்கிழமைப் போன் இல்லை. கணவர் பக்கத்திலேயே நின்றார்.

ஜைனம்பு பாதி கேட்கிற மருந்தைத் தேர்ந்தெடுத்தார். எனக்கு ஆச்சரியம். ஜன்னலில் மாத்திரையைக் கொடுக்கும்போது காரணம் கேட்டேன்.

"அது நல்ல மாத்திரைதாண்ணே. என் கையைத் திருப்பிக் கொடுத்துச்சு. ஆனா நான் அதை வாயில போடறப்பல்லாம் இவங்க மூஞ்சியைப் பாக்கணுமே. ஒவ்வொரு நாளும் எனக்கு மவுத்து வந்த மாதிரி பாப்பாங்க. அந்தப் பார்வைக்கு எந்த டாக்டர் மருந்து கொடுப்பாங்க?"

"அப்ப இடியாப்பம்?"

"பிழியறது இவங்க. மாவுப் பதம் நான் பாத்துக்கறேன். அந்தக் கிரேனையே ஓட்டின கை, இந்த அச்சைச் சுத்த மூச்சு வாங்குது பாருங்க."

"அச்சைத் தூக்கிப் பாருங்கண்ணே, தெரியும்" என்றார் பின்னால் நின்ற சாகுல்.

லாத்தாவின் பெண்மக்களுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. அவர்களிடம் விஷயத்தைச் சொன்னதும் ஜைனம்புவேதான். வருடா வருடம் அவர்களைச் சோதனைக்கு அனுப்பி வைப்பதும் அவர்தான்.

டாக்டர் எழுதியதைக் கொடுப்பது நம் வேலை. ஆனால் நோயாளி டாக்டரிடம் சொல்லாததை ஜன்னலில் சொல்லுவார், சில சமயம் சத்தமாகச் சொல்லுவார். பயந்து வருகிறவரிடம், "பயப்படாதீங்க" என்று அட்டையைக் கிழித்துக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். எதை நினைத்துப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் டாக்டருக்குத் தேவைப்படும்.

இப்போது எங்கள் பக்கத்தில் இந்தக் கதை இரண்டு விதமாகத் திரிகிறது. கீழத்தெருவில், அந்த மாத்திரை சாப்பிட்டுத்தான் ஜைனம்புவுக்குப் புற்றுநோய் வந்தது என்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு, முடக்குவாதத்துக்கு எந்த மருந்தும் வேண்டாம் என்று கை கோணிப்போய் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். பஸ் நிறுத்தத்துப் பக்கம், அந்த மாத்திரை வாதத்துக்குக் கைகண்ட மருந்து, ஒன்றும் செய்யாது என்கிறார்கள். பழைய அட்டையைக் காட்டி, டாக்டர் சீட்டு இல்லாமல் கேட்கிறவர்கள் அங்கேயிருந்துதான் வருகிறார்கள். இரண்டு கூட்டமும் பொய் சொல்லவில்லை. கதையில் ஆளுக்குப் பாதியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்து உங்கள் ஜன்னலுக்கு வருகிற புதியவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். நான் எழுதியபடியே சொல்லுங்கள். ஜைனம்பு நன்றாக இருக்கிறார் என்பதற்காக மாத்திரையைப் புகழ்ந்து சேர்க்க வேண்டாம். அவருக்கு நோய் வந்தது என்பதற்காகப் பழித்தும் சேர்க்க வேண்டாம். டாக்டரம்மா தெரியாது என்று சொன்ன இரண்டு இடங்கள் வரும். கேட்கிறவர்கள் அங்கே, "அப்ப எதுதான் சரி?" என்று உங்களை அவசரப்படுத்துவார்கள். அந்த இடத்தில் எதையும் போட்டு நிரப்பாமல் விட்டுவிடுங்கள்.